கடல் கடந்து மருத்துவம் படித்த பினாங்கு மைந்தர்: டாக்டர் வூ லியன் தே

பினாங்கின் சூலியா தெருவை அறியாத தமிழ் முஸ்லிம் குடும்பம் இந்நாட்டில் அரிது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் அமைந்த வட்டாரம் அது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் கடை வைத்து, குடும்பம் வளர்த்து, பேர் எடுத்த தெரு. சூலியா என்ற பெயரே அவர்களைக் குறித்து வந்ததுதான்.

அந்தத் தெருவில் 1904-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இளம் சீன டாக்டர் கிளினிக் திறந்தார். அப்போது அவருக்கு வயது 25. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். லண்டன், லிவர்பூல், ஜெர்மனி, பாரிஸ் என்று பல இடங்களில் பயிற்சி முடித்தவர். அன்றைய மலாயாவில் அவருக்கு இணையாகப் படித்த டாக்டர்கள் வெகு சிலரே. ஆயினும் அரசாங்க மருத்துவச் சேவையில் அவர் படிப்புக்கேற்ற பதவி கிடைக்கவில்லை. அதனால்தான் சொந்தக் கிளினிக்.

அவர்தான் டாக்டர் வூ லியன் தே. கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் முகத்தில் கட்டிக்கொண்ட கவசத்தின் வரலாற்றைத் தேடிப் போனால், அது நம் பினாங்கைச் சேர்ந்த இந்த டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தும். வெளிநாடு சென்று மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் பெருகிவரும் இந்நாளில், அதே பாதையில் நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தவரின் வாழ்க்கையை நம் பொன்விழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை

வூ லியன் தே 1879-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். தந்தையார் சீனாவின் குவாங்துங் மாநிலத்திலுள்ள தைஷான் பகுதியிலிருந்து வந்து, பினாங்கில் நகைத் தொழில் செய்தவர். தாயார் பினாங்கிலேயே பிறந்த ஹக்கா சீனப் பெண்மணி. வீட்டில் பிள்ளைகள் பதினொரு பேர். பெரிய செல்வம் இல்லை. ஆனால் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இருந்தது.

பள்ளிப் பதிவேட்டில் அவர் பெயர் வேறு. ஊர் வழக்கப்படி ங்கோ லியன் டக் என்று எழுதப்பட்டது. வெள்ளைக்காரர்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எண்ணி அவரை டக் என்றே அழைத்தார்கள். இங்கிலாந்தில் அவர் மிஸ்டர் டக், பட்டம் பெற்ற பின் டாக்டர் டக். சீனாவுக்குப் போன பிறகே மாண்டரின் உச்சரிப்பில் வூ லியன் தே என்ற பெயர் நிலைத்தது. தகப்பன் பெயரையும் சொந்தப் பெயரையும் வெளிநாட்டுப் படிவங்களில் மாற்றி மாற்றி எழுதி அவதிப்படும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும்.

அவர் படித்தது 1816-இல் தொடங்கப்பட்ட பினாங்கு ஃபிரீ ஸ்கூலில். அக்காலத்தில் அப்பள்ளி ஃபார்குவார் தெருவில் இருந்தது. தலைமையாசிரியர் வில்லியம் ஹார்கிரீவ்ஸ், திறமையுள்ள மாணவர்களைத் தேர்ந்தெடுத்து மகாராணியார் உபகாரச் சம்பளத் தேர்வுக்குத் தயார் செய்தவர்.

அந்த உபகாரச் சம்பளத்தின் மதிப்பை இன்றைய தலைமுறை அறிந்துகொள்வது நல்லது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் மாணவர்கள் இங்கிலாந்து சென்று பல்கலைக்கழகத்தில் படிக்க, 1885-இல் ஏற்படுத்தப்பட்ட திட்டம் அது. ஆண்டுதோறும் ஒருவரோ இருவரோதான் பெற முடியும். அன்று இங்கே மருத்துவக் கல்லூரி கிடையாது. சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டதே 1905-இல்தான். அதற்கு முன் அரசாங்க மருத்துவமனைகளின் உதவி நிலைப் பணிகளுக்காக இங்குள்ள மாணவர்கள் சிலர் மதராஸுக்கு அனுப்பப்பட்டார்கள். முழுத் தகுதி பெற்ற டாக்டராக வேண்டுமானால் பிரிட்டனுக்குக் கப்பல் ஏற வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும், அல்லது இந்த உபகாரச் சம்பளம் கிடைக்க வேண்டும்.

1896-இல் அந்த உபகாரச் சம்பளம் நகைத் தொழிலாளியின் மகனுக்குக் கிடைத்தது. அவ்வாண்டே 17 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

கேம்பிரிட்ஜும் லண்டனும்

அவர் சேர்ந்தது கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரி. அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் அவரே. முன்னால் போனவர் யாரும் இல்லை. எந்தக் கடையில் எதை வாங்குவது, எந்த ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது, குளிர்காலத்தை எப்படிக் கழிப்பது என்று சொல்லித்தர ஓர் ஊர்க்காரர் கிடையாது. வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டால் அது பினாங்கு வந்து சேரவும், பதில் திரும்பிப் போகவும் வாரக்கணக்கில் ஆகும்.

அந்நாளில் கேம்பிரிட்ஜ் மாணவர்களின் மருத்துவப் படிப்பு இரண்டு கட்டமாக நடந்தது. உடற்கூறு, உடலியங்கியல், வேதியியல் போன்ற அடிப்படைப் பாடங்கள் கேம்பிரிட்ஜில். நோயாளிகளைப் பார்த்துக் கற்பது லண்டனின் பெரிய மருத்துவமனைகளில். முதல் கட்டத்தை 1899-இல் இயற்கை அறிவியலில் முதல் வகுப்புச் சிறப்புத் தேர்ச்சியுடன் முடித்தார். அடுத்து லண்டன் பாடிங்டனிலுள்ள செயிண்ட் மேரி மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கும் அவரே முதல் சீன மாணவர். மருத்துவத் திறமைக்காக வழங்கப்படும் சீடில் தங்கப் பதக்கத்தை 1902-இல் பெற்றார்.

பட்டம் கிடைத்ததும் ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் வெப்ப நாடுகளின் நோய்களைப் பற்றி இங்கிலாந்தின் சாதாரண மருத்துவமனையில் கற்க முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். தாம் திரும்பப் போகும் ஊரில் மக்களை வாட்டுவது மலேரியாவும் பெரிபெரியும் குடல் புழுவும். எனவே கல்லூரி அளித்த ஆய்வு உதவித்தொகையைக் கொண்டு மேலும் கற்கப் புறப்பட்டார். லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ரொனால்ட் ராஸின் கீழ்ப் பயின்றார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை இந்தியாவில் இருந்தபோது நிறுவி, 1902-இல் நோபல் பரிசு பெற்றவர் ராஸ். பின்னர் ஜெர்மனியின் ஹாலே நகரில் கார்ல் ஃபிராங்கலிடமும், பாரிஸ் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தில் மெட்ச்னிகோஃபிடமும் கிருமியியல் கற்றார்.

அந்த ஆய்வுக்கூடங்களில் அவர் கற்றது ஒரு பழக்கம். நோயாளியின் உடலிலிருந்து மாதிரி எடுத்து, வளர்த்து, நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்த பிறகே நோய் இன்னதென்று முடிவு சொல்ல வேண்டும். புத்தகம் என்ன சொல்கிறது, பெரியவர் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இந்தப் பழக்கம் எட்டு ஆண்டுகள் கழித்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது.

பட்டம் வந்தது, பதவி வரவில்லை

1903-இல் மலாயா திரும்பினார். கோலாலம்பூரில் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த மருத்துவ ஆய்வுக்கழகத்தில் ஓராண்டு பெரிபெரி நோயையும் குடல் புழுக்களையும் ஆராய்ந்தார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாகடித்த நோய் பெரிபெரி.

ஆய்வுக் காலம் முடிந்தது. அரசாங்க மருத்துவச் சேவையில் உயர் பதவிகள் ஐரோப்பியருக்கு மட்டும் என்பது காலனி ஆட்சியின் விதி. எவ்வளவு படித்திருந்தாலும், எத்தனை பதக்கம் பெற்றிருந்தாலும், உள்ளூர்க்காரர் உதவி டாக்டராகத்தான் இருக்க முடியும். அவரை அனுப்பிப் படிக்க வைத்த அதே அரசாங்கம், படித்து வந்த பிறகு அவருக்கு நாற்காலி போட மறுத்தது. கேம்பிரிட்ஜில் அவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, அவரைவிடக் குறைவாக மதிப்பெண் வாங்கிய ஒரு வெள்ளைக்காரர் இங்கே வந்தால் அவருக்கு மேலதிகாரியாக இருக்கலாம்.

அவர் மனம் புழுங்கி உட்கார்ந்துவிடவில்லை. பினாங்குக்கு வந்து சூலியா தெருவில் கிளினிக் திறந்தார். 1905-இல் ரூத் ஹுவாங் என்ற பெண்மணியை மணந்தார். ரூத்தின் தமக்கை, சிங்கப்பூரின் புகழ்பெற்ற டாக்டர் லிம் பூன் கெங்கின் மனைவி. லிம் பூன் கெங்கும் இதே உபகாரச் சம்பளத்தில் எடின்பரோ சென்று மருத்துவம் படித்தவர்தான்.

அபினை எதிர்த்தார், வழக்கில் சிக்கினார்

கிளினிக்குக்கு வந்த நோயாளிகளிடம் அவர் கண்ட பெரிய நோய் அபின். ரிக்‌ஷா இழுப்பவர், மூட்டை தூக்குபவர், சுரங்கத் தொழிலாளி என்று உடலுழைப்பாளிகள் பலர் அதற்கு அடிமையாகி இருந்தார்கள். அபின் விற்பது அன்று சட்டப்படியான தொழில். அரசாங்க வருமானத்தில் பெரும் பங்கு அதிலிருந்தே வந்தது. விற்பனை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் ஊரின் பெரும் பணக்காரர்கள்.

டாக்டர் வூ அபின் எதிர்ப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றார். 1906-இல் ஈப்போவில் நடந்த அபின் எதிர்ப்பு மாநாட்டில் ஏறத்தாழ 2,000 பேர் கூடினார்கள். அது பலருடைய வருமானத்தில் கை வைத்தது. 1907-இல் அவருடைய கிளினிக் சோதனை போடப்பட்டது. மருந்தாகப் பயன்படும் அபின் கரைசல் ஓர் அவுன்ஸ் அகப்பட்டது. உரிய உரிமம் இன்றி அதை வைத்திருந்தார் என்று வழக்குத் தொடுத்து, குற்றவாளி என்று தீர்ப்பளித்து, அபராதம் விதித்தார்கள். அபினுக்கு எதிராகப் பாடுபட்டவர் மீதே அபின் வழக்கு.

பிறந்த ஊரில் பதவியும் இல்லை, நிம்மதியும் இல்லை. அந்நேரத்தில்தான் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. டியென்ட்சின் நகரின் இராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநராக வருமாறு சீன அரசின் பெருந்தலைவர் யுவான் ஷிகாய் அழைத்தார். 1908-இல் குடும்பத்தோடு புறப்பட்டார். சீனர் என்றுதான் பெயர். மாண்டரின் மொழி அவருக்குச் சரளமாக வராது. இங்கிலாந்தில் சீனராகவும், மலாயாவில் இரண்டாம் தரக் குடிமகனாகவும் இருந்தவர், சீனாவில் ஆங்கிலம் பேசும் அயலூர்க்காரராகப் போய் நின்றார். வயது 29-ஐத் தொட்டிருந்த நிலையில் மொழியை முதலிலிருந்து கற்றார்.

ஹார்பினில் கொள்ளைநோய்

1910-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சீனாவின் வடகிழக்கே மஞ்சூரியாவில் ஒரு கொடிய கொள்ளைநோய் பரவத் தொடங்கியது. காய்ச்சல், இருமல், இரத்த வாந்தி, ஓரிரு நாளில் மரணம். பிடித்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை. ரஷ்யர்களும் ஜப்பானியர்களும் அப்பகுதியின் ரயில் பாதைகளைத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். சீனா நோயைக் கட்டுப்படுத்தத் தவறினால், அதையே காரணமாகக் காட்டி அவர்கள் நிலத்தையும் பிடித்துக்கொள்வார்கள் என்ற அச்சம் பீக்கிங் அரசுக்கு இருந்தது.

தந்தி வந்ததும் டாக்டர் வூ ஒரு மூத்த மாணவரை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு, 1910 டிசம்பர் 24-ஆம் தேதி ஹார்பின் சேர்ந்தார். குளிர் சுழியத்துக்குக் கீழே 25 பாகைக்கும் அப்பால். பினாங்கு வெயிலில் பிறந்தவர் அங்கே நின்றார்.

ஹார்பினை அடுத்த ஃபூச்சியாதியன் என்ற சீனக் குடியிருப்பில் சுமார் 24,000 பேர் நெருக்கடியில் வாழ்ந்தார்கள். ஷான்துங் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர்களே அதிகம். அவர்களில் பலர் மர்மோட் என்ற மலை எலி இனத்து விலங்கை அதன் தோலுக்காக வேட்டையாடியவர்கள். தோலுக்கு ஐரோப்பாவில் நல்ல விலை. நோய் அந்த விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவி, சத்திரங்களில் ஒருவர் மேல் ஒருவர் படுத்துறங்கிய தொழிலாளர்களிடையே பரவியது.

வந்த சில நாட்களில் ஒரு சத்திரத்தை நடத்திவந்த ஜப்பானியப் பெண் அந்நோயால் இறந்தார். டிசம்பர் 27-ஆம் தேதி டாக்டர் வூ அந்த உடலை அறுத்துச் சோதித்தார். சடலத்தை அறுப்பது அன்றைய சீனாவில் பெரும் பாவமாகக் கருதப்பட்டது. ஆகவே சத்தமில்லாமல் ஒரு வீட்டிலேயே செய்தார். நுரையீரல், இதயம், மண்ணீரல், கல்லீரல் ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது பிளேக் கிருமி தெளிவாகத் தெரிந்தது.

பிளேக் என்றால் எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி கடித்துத்தான் பரவும் என்பது அன்றைய உலகின் முடிவு. பம்பாயிலும் ஹாங்காங்கிலும் கண்ட அனுபவம் அப்படி. எனவே எலியை ஒழி என்பதே சிகிச்சை நிபுணர்களின் முதல் பேச்சு. ஆனால் ஹார்பினில் பிடிபட்ட எலிகளில் கிருமி இல்லை. இறந்தவர்களின் தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறிகட்டி இல்லை. நோய் முழுவதும் நுரையீரலில். டாக்டர் வூ கண்டதைச் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். இது நுரையீரல் பிளேக். மனிதரின் மூச்சிலிருந்தும் எச்சிலிலிருந்தும் நேராக அடுத்த மனிதருக்குத் தொற்றுகிறது. எலிக்கு இதில் வேலை இல்லை.

துணியும் பஞ்சும்

முடிவு சரியென்றால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் மெல்லிய வலைத்துணியை மடித்து, நடுவே பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் நாடா போல் கிழித்துத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் கவசம் ஒன்றை அவர் வகுத்தார். துணியும் பஞ்சும் எங்கும் கிடைக்கும். யாரும் செய்யலாம். டாக்டர்கள், தாதியர், பிணம் தூக்குபவர்கள், போலீஸ்காரர்கள் எல்லோரும் அதைக் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

எல்லோரும் கேட்கவில்லை. பிரெஞ்சு டாக்டர் ஜெரால்ட் மெஸ்னி அப்போது ஹார்பின் வந்தார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். முன்பு வேறோர் இடத்தில் பிளேக்கைக் கட்டுப்படுத்தியவர். தலைமைப் பொறுப்பு தமக்கே தரப்பட வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஒரு சீன இளைஞர் தமக்குப் பாடம் சொல்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. நேருக்கு நேர் இழித்துப் பேசினார். டாக்டர் வூ எதிர்த்துக் கத்தவில்லை. நடந்ததைப் பீக்கிங்குக்குத் தந்தியில் தெரிவித்து, தம்மை விடுவித்துக்கொள்ளவும் தயார் என்றார். அரசு அவர் பக்கம் நின்றது.

மெஸ்னி தாமாகவே ரஷ்ய மருத்துவமனைக்குப் போய், கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாளில் நோய் கண்டது. 1911 ஜனவரி 11-ஆம் தேதி இறந்தார். செய்தி ஹார்பின் முழுவதும் பரவியது. மறுநாளிலிருந்து கவசம் கட்டாத ஆளைக் காண்பது அரிதாயிற்று. ஒரு மனிதரின் சாவு சொல்லித் தந்ததை அவருடைய வாதம் சொல்லித் தர முடியாமல் போனது. டாக்டர் வூவுக்கு அதில் மகிழ்ச்சி ஏதும் இல்லை. இழந்தது ஒரு நல்ல டாக்டரை.

குடியிருப்பை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயாளிகளோடு பழகியவர்களைத் தனிமைப்படுத்த ரஷ்ய ரயில்வேயிடமிருந்து சரக்குப் பெட்டிகளை வாங்கித் தங்குமிடமாக்கினார். போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இராணுவம் காவல் நின்றது. இன்று நாம் நடமாட்டக் கட்டுப்பாடு என்று சொல்லும் அத்தனையும் அங்கே நடந்தன.

இறந்தோரின் உடல்கள்

இவ்வளவு செய்தும் சாவு குறையவில்லை. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஊருக்கு வெளியே போய்ப் பார்த்தபோது காரணம் ஒன்று புலப்பட்டது. நிலம் பனியால் கல்லாய் இறுகிக் கிடந்தது. குழி தோண்ட முடியவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சவப்பெட்டிகளும் உடல்களும் திறந்த வெளியில் வாரக்கணக்கில் அடுக்கிக் கிடந்தன. எலிகள் அவற்றை அரித்தால் நோய் மீண்டும் புதிய வழியில் கிளம்பும்.

எரிப்பது ஒன்றே வழி. ஆனால் முன்னோரை மண்ணில் அடக்கி, ஆண்டுதோறும் கல்லறைக்குச் சென்று வணங்கும் மக்களிடம் எரிக்கச் சொல்வது எப்படி? உடலை மண்ணில் மரியாதையாக அடக்கம் செய்வது நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அறிந்த நாம், அந்த மக்களின் வேதனையை நன்றாகவே உணர முடியும். டாக்டர் வூவும் அதை உணர்ந்தார். தாமாக நெருப்பு வைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களையும் அதிகாரிகளையும் அழைத்துச் சென்று அந்தக் காட்சியை நேரில் காட்டினார். பிறகு பேரரசின் அனுமதி கேட்டுப் பீக்கிங்குக்குத் தந்தி கொடுத்தார். அனுமதி வந்த பிறகே, 1911 ஜனவரி 31-ஆம் தேதி எரியூட்டல் தொடங்கியது. சீனப் புத்தாண்டுக்கு மறுநாள்.

அதன் பிறகு சாவு படிப்படியாகக் குறைந்தது. மார்ச் 1-ஆம் தேதிக்குப் பின் ஃபூச்சியாதியனில் புதிய நோயாளி இல்லை. மஞ்சூரியா முழுவதிலும் ஏறத்தாழ 60,000 உயிர்கள் போயிருந்தன. ஆனால் நோய் அங்கேயே அடக்கப்பட்டது.

ஏப்ரல் மாதம் முக்டென் நகரில் பதினொரு நாடுகளின் நிபுணர்கள் கூடிய அனைத்துலகப் பிளேக் மாநாடு நடந்தது. ஜப்பானின் புகழ்பெற்ற கிருமியியல் அறிஞர் கித்தசாத்தோவும் வந்திருந்தார். அந்த மேதைகளின் அவைக்குத் தலைமை தாங்கியவர் 32 வயது டாக்டர் வூ. மலாயாவின் அரசாங்க மருத்துவமனையில் உயர் பதவிக்குத் தகுதியற்றவர் எனப்பட்டவர்தான் அவர்.

பின்னாள் வாழ்வு

1912-இல் மஞ்சூரியப் பிளேக் தடுப்புச் சேவையை நிறுவினார். 1915-இல் சீன மருத்துவச் சங்கம் உருவாகக் காரணமாயிருந்து, பின்னர் அதன் தலைவராகவும் பணியாற்றினார். 1920-இல் பிளேக் மீண்டும் தலைகாட்டியபோது முந்தைய ஏற்பாடுகள் கைகொடுத்தன. 1924-இல், பேரும் புகழும் பெற்ற பின், 45 வயதில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக அமர்ந்து பொதுச் சுகாதாரம் படித்தார். 1926-இல் நுரையீரல் பிளேக் பற்றிய அவரது பெருநூலை உலக நாடுகள் சங்கம் வெளியிட்டது. 1930-இல் சீனத் துறைமுகங்களின் நோய்த்தடுப்புச் சேவை அவர் பொறுப்பில் வந்தது. 1935-இல் மருத்துவ நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. மலாயாவில் பிறந்த ஒருவருக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுவே முதல் முறை.

சொந்த வாழ்வில் துயரம் மிகுதி. மனைவி ரூத்தையும், மூன்று மகன்களில் இருவரையும் சீனாவில் இருந்த காலத்திலேயே பறிகொடுத்தார். 1937-இல் ஜப்பான் சீனா மீது படையெடுத்ததும் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரணக் கிளினிக் டாக்டராக அமர்ந்தார். உலகத் தலைவர்களோடு பழகியவர் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எழுதினார். ஜப்பானியர் ஆட்சியில் எதிர்ப்புப் படையினர் அவரைக் கடத்திப் பணயத் தொகை வாங்கினார்கள். பணம் கொடுத்தார் என்ற காரணத்துக்காக ஜப்பானியர் அவரைச் சந்தேகித்தார்கள். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு ஜப்பானிய அதிகாரியால் உயிர் தப்பினார். போருக்குப் பின் ஈப்போவில் பொது நூலகம் அமைய நிதி திரட்டினார்.

667 பக்கத் தன்வரலாற்றை எழுதி முடித்து, அது 1959-இல் வெளிவந்த பிறகு, பிறந்த ஊரான பினாங்கில் 1960 ஜனவரி 21-ஆம் தேதி காலமானார். வயது 80. அவர் படித்த பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் மாணவர் இல்லம் ஒன்று இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

நம் பிள்ளைகளுக்கு

நம் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று எகிப்து, இந்தோனேசியா, ரஷ்யா, இந்தியா, அயர்லாந்து என்று பல நாடுகளில் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், தாதிமை படிக்கிறார்கள். வீட்டை அடகு வைத்தும், தாயின் நகையை விற்றும் அனுப்பிய பெற்றோர் நம்மிடையே உண்டு. ஆகவே இந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை வெளிப்படையாகப் பேசுவோம்.

முதலாவது, பட்டமே பதவிக்கு உறுதியாகாது. கேம்பிரிட்ஜ் பட்டத்துக்கே அன்று நாற்காலி கிடைக்கவில்லை. இன்று நிறத்தடை இல்லை. ஆனால் வேறு தடைகள் உண்டு. மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரிக்காத கல்லூரியில் படித்தவர் தகுதித் தேர்வு எழுதியே தொழில் செய்ய முடியும். 2016-ஆம் ஆண்டின் இறுதி முதல் புதிய டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டதால், நிரந்தரப் பணிக்காகக் காத்திருந்தவர் ஏராளம். முகவர் சொல்லும் இனிப்பான பேச்சை நம்பிப் பணம் கட்டுமுன், அங்கீகாரப் பட்டியலைப் பெற்றோர் தாங்களே பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, எங்கே திரும்பப் போகிறோம் என்பதை நினைத்துக் கற்க வேண்டும். தங்கப் பதக்கத்தோடு நின்றுவிடாமல் மலேரியாவையும் கிருமிகளையும் கற்கப் போனார் அவர். நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு எது? சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகாத உறவினர் இல்லாத குடும்பம் எது? தேர்வுக்குத் தேவையானதற்கு மேல் கற்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, கதவு மூடியதும் தொழிலின் மீது கோபம் கொள்ளாதிருப்பது. பதவி மறுக்கப்பட்ட ஆண்டுகளில் அவர் சாதாரண மக்களின் நாடி பார்த்தார். அவமதிக்கப்பட்ட இடத்தில் தமது வேலையைத் தொடர்ந்தார். ஹார்பினுக்கு அழைப்பு வந்தபோது கையில் இருந்தது பதவி அல்ல; 24 வயதில் கற்று, எட்டு ஆண்டுகள் துருப்பிடிக்காமல் வைத்திருந்த திறமை.

மருத்துவம் முடித்து ஊர் திரும்பி, பணி ஆணைக்காக வீட்டில் காத்திருக்கும் மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருந்தால், எப்போது வேலை கிடைக்கும் என்று தினமும் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். இந்தப் பக்கங்களை அவர்கள் கையில் கொடுங்கள்.